எது சார் நைஸ்?

போன மாதம் ஓர் இளைஞர் தன் முதல் சிறுகதைத் தொகுப்பைத் தபாலில் அனுப்பியிருந்தார். மொத்தம் பதினோரு கதைகள். நாலு கதை படித்தேன். ஐந்தாவதில் கரண்ட் போய்விட்டது. (கரண்ட் வந்த பிறகும் படிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) பத்து நாள் கழித்து வாட்ஸப்பில் 'சார், படிச்சீங்களா?' என்று கேட்டிருந்தார். 'நைஸ்' என்று பதில் போட்டேன். கூடவே ஒரு கட்டை விரல். எல்லோரும் செய்வதுதான்.

ஒரே நிமிஷத்தில் அவரிடமிருந்து வந்தது. 'எது சார் நைஸ்?'

நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மனசு உறுத்தியதால் அந்தச் சொல்லைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கதைகளைப் படித்திருக்கலாம். ஆனால் குற்ற உணர்ச்சி எப்போதும் சுற்று வழியில்தான் போகும்.

ஆங்கிலத்தில் இதைவிடச் சாதுவான சொல் கிடையாது. யூ.கே.ஜி. குழந்தைகூடச் சொல்லும். ஆனால் இதன் பூர்வீகத்தைக் கிளறினால் ஏதோ தலைமறைவுக் குற்றவாளியின் ஃபைலைப் புரட்டுகிற மாதிரி இருக்கிறது. மூலம் லத்தீனில் 'நெஸ்கியுஸ்'. 'ஒன்றும் தெரியாதவன்' என்று அர்த்தம். 'ஸ்கிரே' என்றால் அறிவது. அதிலிருந்துதான் சயன்ஸ் வந்தது. அதற்கு முன்னால் ஒரு 'இல்லை' போட்டால் நைஸ். அதாவது பிறப்பால் சயன்ஸுக்கு எதிர்ப்பதம் நைஸ்! பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தபோது அதற்கு 'மடத்தனமான' என்று பொருள். சாசர் காலத்தில் ஒருவரைப் பார்த்து 'நீங்க ரொம்ப நைஸ்' என்றிருந்தால் அடிதடி ஆகியிருக்கும்.

அப்புறம் அது போட்ட வேஷங்களைப் பாருங்கள். ஒழுக்கங்கெட்ட என்ற அர்த்தத்தில் கொஞ்ச காலம். பகட்டான, சோம்பலான, கோழைத்தனமான, கூச்ச சுபாவமுள்ள என்று கொஞ்ச காலம். பிறகு, எதிலும் நொட்டை சொல்கிற என்று ஒரு அர்த்தம் (சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்காரும்போது எடுத்துக்கொள்கிற முகபாவம்). நொட்டை சொல்கிறவன் கூர்ந்து பார்ப்பான் அல்லவா? அதனால் 'நுணுக்கமான', 'துல்லியமான' என்று அர்த்தம் ஏறியது. நுணுக்கமானது மென்மையாகவும் இருக்கும். மென்மையானது மனசுக்கு இதமாக இருக்கும். இப்படியே படிப்படியாகத் தேறி 18-ம் நூற்றாண்டில்தான் 'இனிமையான' என்ற பதவிக்கு வந்து சேர்ந்தது. அன்பான மனிதரை நைஸ் என்பது அதற்கும் பிற்பாடு, 19-ம் நூற்றாண்டில். முட்டாளாக வந்து நல்லவனாக முடிந்த கதை. இதே ஊரில் 'ஸில்லி' நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறது: பாக்கியவானாகப் பிறந்து முட்டாளாக முடிந்தது. நம் ஊர் 'நாற்றம்' போல.

இந்தக் குழப்பத்தில் அகராதிக்காரர்களே மாட்டிக்கொண்டார்கள். 16, 17-ம் நூற்றாண்டுகளில் எழுதியவர்கள் பல இடங்களில் இந்தச் சொல்லை எந்த அர்த்தத்தில் போட்டார்கள் என்று சொல்வது கஷ்டம் என ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே கைவிரித்திருக்கிறது. ஷேக்ஸ்பியரை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரோமியோ ஜூலியட்'டில் கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேரவில்லை என்றதும் பாதிரியார் லாரன்ஸ் பதறி, அது நைஸான கடிதம் இல்லை என்கிறார். இன்றைக்குப் படிக்கிற கல்லூரிப் பிள்ளை 'ஓஹோ, திட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார் போல' என்று நினைத்துக்கொள்ளும். அவர் சொன்னது, அது அற்ப விஷயம் இல்லை, உயிர் போகிற விஷயம் என்று. இரண்டு உயிர் போயும்விட்டது.

இந்தச் சொல்லைக் கோர்ட்டில் நிறுத்தி முதலில் விசாரித்தவர் என்று நான் ஜேன் ஆஸ்டினைச் சொல்வேன். 'நார்த்தாங்கர் அபே' அவர் இறந்த பிறகு, 1817 டிசம்பரில் வெளிவந்த நாவல். அதன் பதினாலாம் அத்தியாயத்தில் மூன்று பேர் பாத் நகரத்தைப் பார்த்தபடி நிற்கும் பீச்சன் கிளிஃப் குன்றுக்கு நடந்து போகிறார்கள். காதரின், பதினேழு வயசு, உலகம் தெரியாத பெண். ஹென்றி டில்னி, படித்த, கிண்டலான வாலிபர். அவருடைய தங்கை எலினர். காதரினுக்கு அப்போது ஒரு பேய்க் கதைப் பைத்தியம். 1794-ல் ஆன் ராட்க்ளிஃப் எழுதி நாலு பாகமாக வந்த 'உடால்ஃபோ'. உலகத்திலேயே நைஸான புத்தகம் அதுதான் இல்லையா என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிடுகிறாள். ஹென்றி பிடித்துக்கொள்கிறார். நைஸ் என்றால் நேர்த்தியைத்தானே சொல்கிறாய்? அது பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறார். நல்ல நாள், நல்ல நடை, நல்ல பெண்கள், எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறீர்களே என்று ஓட்டுகிறார். ஒரு காலத்தில் இது நேர்த்தியை, நாசூக்கை மட்டும் குறித்தது என்று ஒரு பாடம் வேறு.

பள்ளிக்கூட வாத்தியார்கள் இருநூறு வருஷமாக இந்தக் காட்சியைத்தான் காட்டுகிறார்கள். பாருங்கள், ஆஸ்டினே நைஸைத் திட்டியிருக்கிறார் என்று. அவர்கள் அடுத்த பாராவைப் படிக்கவில்லை. அங்கே தங்கை எலினர் குறுக்கிட்டு, அந்தச் சொல் உனக்குத்தான் பொருத்தம் அண்ணா, உன்னிடம் நைஸ் ஜாஸ்தி, புத்தி கம்மி என்கிற மாதிரி ஒரு போடு போடுகிறாள். இங்கே நைஸ் என்பது பழைய அர்த்தத்தில்: நொட்டை சொல்கிறவன். அண்ணன் எந்தப் பழைய அர்த்தத்துக்காக வாதாடினாரோ, அதற்குப் பக்கத்து வீட்டு அர்த்தத்தாலேயே அடி. இருநூறு வருஷத்துக்கு முன்பு இதைப் படித்தவர்கள் சத்தமாகச் சிரித்திருப்பார்கள். நமக்கு அடிக்குறிப்பு தேவைப்படுகிறது.

ஹென்றியின் கட்சியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 'ஒரு காலத்தில்' என்று அவர் சொல்கிற காலம் நடுவழியில் ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். இன்னும் பின்னால் போனால் முட்டாள். இந்தச் சொல்லின் ஆதி அர்த்தமே சரியான அர்த்தம் என்று அடம்பிடித்தால், நைஸான ஹென்றி என்று நாம் சொல்லும்போது அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜான்சனின் 1755 அகராதிதான் அவருக்கு வேதம். அதில் இந்தச் சொல் நுட்பம், துல்லியம், பிகு என்று அந்த வட்டத்திலேயே சுற்றுகிறது. தெருவில் பேசுகிறவர்கள் அகராதியைக் கேட்டா பேசுகிறார்கள்?

1926-ல் ஃபௌலர் என்ற இலக்கண நீதிபதி வந்தார். நைஸைக் கெடுத்ததே பெண்கள்தான் என்று தீர்ப்பெழுதினார். அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்து அதன் தனித்தன்மையைக் கரைத்துவிட்டார்களாம். சரியான ஆள். ஒல்லிக்குச்சி ஹார்டி... மன்னிக்கவும், ஒல்லி லாரல், குண்டுதான் ஹார்டி. குண்டு ஹார்டி ஒவ்வொரு படத்திலும் ஒல்லியைப் பார்த்து, என்னை இப்படி ஒரு 'நைஸ்' சிக்கலில் மாட்டிவிட்டாயே என்று புலம்புவாரே, அவரென்ன பெண்ணா? (1930-ல் வந்த அவர்கள் படம் ஒன்றின் தலைப்பில் 'ஃபைன்' என்று இருந்ததால், வசனமும் அப்படித்தான் என்று பலர் சத்தியம் செய்வார்கள். அவர் சொன்னது நைஸ்.) அங்கே நைஸ் என்றால் படுமோசம். ஆக அதே சொல் தலைகீழாகவும் நிற்கும்.

சரி, நைஸ் வேண்டாம், வேறு என்ன எழுதுவது?

இதற்கு எங்கள் இங்கிலீஷ் வாத்தியாரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் எக்ஸ்கர்ஷன் போய்வந்து கட்டுரை எழுதினோம். நான் ஆறு இடத்தில் நைஸ் போட்டிருந்தேன். ஆறையும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்திலேயே மாற்று மருந்து எழுதியிருந்தார்: டிலைட்ஃபுல், ப்ளெசன்ட், அக்ரீயபிள், சார்மிங், லவ்லி, என்ஜாயபிள். திருத்தி எழுதினேன். சாப்பாடு அக்ரீயபிள் ஆயிற்று. பத்துக்கு எட்டு மார்க். உண்மையில் அன்றைக்கு எலுமிச்சை சாதம் ஊசிப் போய், பஸ் டிரைவர் உள்பட எல்லோரும் ஜன்னல் வழியாக வீசினோம். ஒரு நாய்கூட மோந்துவிட்டு நகர்ந்துவிட்டது. அந்த நாயைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் அதுதான் கட்டுரை. ஆறு சினோனிம்களுக்கும் அந்த நாயைத் தெரியாது.

என் குற்றச்சாட்டு இதுதான். நைஸைத் திட்டுகிறவர்கள் தருகிற மருந்து எப்போதும் இன்னொரு பாராட்டுச் சொல். பத்து ரூபாய்த் தாள் அழுக்காகிவிட்டது என்று புதுத்தாள் தருகிற மாதிரி. மதிப்பு அதே பத்து. கம்ப்யூட்டரில் எழுதும்போது ஷிஃப்டும் எஃப்7-ம் சேர்த்து அமுக்கினால் வேர்ட் வரிசையாகக் கொட்டும். எதை எங்கே போடலாம், எது மனிதருக்கு, எது சாப்பாட்டுக்கு, எது வானிலைக்கு என்று சொல்லாது. ஆங்கிலத்தில் சினோனிம்களுக்கிடையே இருக்கும் வாசனை வித்தியாசத்தை உட்கார்ந்து விளக்கியவர்களும் உண்டு. ஜான்சனின் சிநேகிதி ஹெஸ்டர் பியோஸி 1794-லேயே அப்படி ஒரு புத்தகம் போட்டார். ஆங்கிலம் பேச வருகிற வெளிநாட்டார் சபையில் அசடு வழியாமல் இருக்க, எந்தச் சொல்லை எந்த இடத்தில் சொல்வது என்று. 'உடால்ஃபோ' வந்த அதே வருஷம். ஆனால் உலகம் ஞாபகம் வைத்துக்கொண்டது ராஜெட்டை.

ராஜெட் பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். டாக்டர். 1805-ல் சொந்த உபயோகத்துக்காக ஒரு சொற்பட்டியல் போட்டுவைத்தார். 1852-ல், 73-ம் வயதில், அதை விரிவாக்கித் தெஸாரஸ் என்று வெளியிட்டார். உலகத்திலுள்ள எண்ணங்களை ஆறு வகுப்பாகப் பிரித்து, ஆயிரம் தலைப்பில் அடுக்கினார். மனசில் விஷயம் இருக்கிறது, சொல் மட்டும் நாக்கு நுனியில் நிற்கிறது என்கிறவனுக்காகச் செய்த புத்தகம் அது. விஷயமே இல்லாதவன் அதைத் திறந்தால் அவர் என்ன செய்வார்? நம்மிடம் திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள்வாரியாகப் பெயர்களை அடுக்கிவைத்தன. ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லத் தனித் தொகுதியே உண்டு. யானைக்கு வேழம், கரி, வாரணம், கைம்மா, உம்பல் என்று மூச்சு முட்டும். எதுகை மோனைக்கு அலைகிற புலவருக்குக் கற்பக விருட்சம். அதை வைத்துக்கொண்டு யானையைப் பார்க்காமலே யானையைப் பாடியவர்களும் இருந்திருப்பார்கள்.

விஷயத்தின் நாடியைப் பிடித்தவர் சி.எஸ். லூயிஸ். குழந்தைகளுக்கு நார்னியா கதைகள் எழுதினாரே, அவர்தான். 1960-ல் 'ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்' என்று சொற்களின் சரித்திரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நைஸுக்கு அதில் தனி அத்தியாயம் இல்லை. ஆனால் முன்னுரையில் சொற்கொலை பற்றிப் பேசுகிறார். சொற்கள் சாவதற்குப் பெரிய காரணம், பெரும்பாலோருக்கு ஒன்றை விவரிப்பதைவிட அது பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவதில்தான் அவசரம் என்கிறார். விவரிக்கிற சொல்லாகப் பிறந்தது, வெறும் ஆமோதிக்கிற சொல்லாக ஆகி, கடைசியில் தலையாட்டலாகச் செத்துப்போகிறது. (இவருக்கு நைஸ் மேல் தனிக் கோபம் இருந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். 1945-ல் எழுதிய ஒரு நாவலில் மனித குலத்தையே நாசம் செய்யக் கிளம்பும் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அவர் வைத்த சுருக்கப் பெயர், நைஸ். 1999-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் எந்த மருந்துக்குப் பொதுப் பணம் செலவழிக்கலாம் என்று தீர்மானிக்க ஓர் அமைப்பு தொடங்கியபோது அதன் சுருக்கமும் நைஸ்தான். பெயர் வைத்தவர்கள் லூயிஸைப் படித்ததாகத் தெரியவில்லை.)

இங்கே தமிழ்க்காரன் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 'அருமை' என்ன ஆயிற்று? அரியது, கிடைப்பதற்குக் கஷ்டமானது, செய்வதற்குக் கஷ்டமானது. வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தின் முதல் குறளில் அருமை என்று போடுவது முடியாத காரியம் என்கிற அர்த்தத்தில். அங்கிருந்து விலைமதிப்பு, அங்கிருந்து செல்லம், 'அருமை மகள்'. இன்றைக்கு? சாம்பார் அருமை, சட்டை அருமை, டிரெய்லர் அருமை, காலை வணக்கம் அருமை. எல்லாமே அரிது என்றால் எதுதான் சுலபம்? பத்திரிகையில் கதைக்கு வருகிற பாராட்டுக் கடிதங்களில் பாதியில் அருமையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கையெழுத்தும் ஊர்ப் பெயரும்தான். மதிப்புரைகள் கொஞ்சம் தேவலாம். அங்கே 'அருமை'க்குப் பதில் 'முக்கியமான' என்று இருக்கும். சமீப காலத்து மிக முக்கியமான தொகுப்பு. எதற்கு முக்கியம்? யாருக்கு? நானும் எழுதியிருக்கிறேன், இப்போது கூசுகிறது.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் நைந்துபோன நைஸ் தமிழ்ச் சமையலறைக்கு வந்து உயிரோடு இருக்கிறது. 'தேங்காயை நைஸா அரைச்சுக்கோ' என்று யாராவது சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: நொறுநொறுவென்று இல்லாமல், விரலில் தடவினால் திப்பி தட்டாமல். நுணுக்கம், துல்லியம் என்று ஜான்சன் எழுதிவைத்த வட்டாரத்துக்கு ரொம்பப் பக்கம். 'நைஸ் துணி' என்றால் தொட்டுப் பார்த்துச் சொன்னது. தெருவுக்கு வந்தால் வேறு அர்த்தம்: நைஸா நழுவிட்டான், நைஸா பேசி கையெழுத்து வாங்கிட்டான். சத்தம் போடாமல், உறுத்தாமல், கொஞ்சம் கள்ளத்தனத்தோடு. இதை எந்த ஆங்கில அகராதியிலும் இதே வடிவில் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை, நாமே செய்துகொண்டது. இரண்டுமே விவரிக்கிற சொற்கள், சும்மா தலையாட்டுபவை அல்ல. ('நை' என்றால் தமிழில் நசுங்கிக் குழைவது, நையப் புடைப்பது, ஆகவே லத்தீனுக்கே நைஸ் நம்மிடமிருந்துதான் போயிற்று என்று யாரும் கட்டுரை அனுப்ப வேண்டாம். பிரான்சில் இருக்கும் ஊரும் வேண்டாம், அது நீஸ். சர்க்கரை தூவிய நைஸ் பிஸ்கட்டை ஒன்று சாப்பிட்டுவிட்டு விட்டுவிடலாம்.)

மறுபடி அந்தக் குன்றுக்குப் போகிறேன். ஹென்றி டில்னி அத்தனை கிண்டலுக்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லியிருப்பார். கிண்டலில் நாம் அதை மறந்துவிடுகிறோம். அவரும் உடால்ஃபோவைப் படித்தவர்தான். கையில் எடுத்தவர் கீழே வைக்க முடியாமல் இரண்டே நாளில் முடித்ததாகவும், முடிகிற வரை மயிர் குத்திட்டு நின்றதாகவும் சொல்கிறார். தங்கைக்குச் சத்தமாகப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தவர், அவள் ஐந்து நிமிஷம் எழுந்து போனதும் காத்திருக்கப் பொறுக்காமல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாராம். இதுவல்லவா மதிப்புரை? நைஸும் இல்லை, டிலைட்ஃபுல்லும் இல்லை. ஒரு ஆள், ஒரு புத்தகம், அவன் என்ன செய்தான். தங்கைக்குத் துரோகம் செய்கிற அளவுக்குப் புத்தகம். ஆஸ்டின் விமர்சகரையும் விமர்சனத்தையும் ஒரே ஆளுக்குள் வைத்து, அந்த ஆளுக்கே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நடமாடவிட்டிருக்கிறார்.

போனைத் திருப்பினேன். 'எது சார் நைஸ்?' அப்படியே இருந்தது.

பதினோரு கதைகளையும் உட்கார்ந்து படித்தேன். இரண்டு சாயங்காலம் ஆயிற்று. நாலு கதை சுமார். இரண்டு கதை எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. ஒரு கதை நான் கரண்ட் போனதாகச் சொன்னேனே, அந்த ஐந்தாவது கதை. தங்கை கல்யாணத்துக்கு அம்மாவின் பழைய பாத்திரங்களை எடுத்துக் கொடுக்கிறாள் ஒரு அக்கா, கல்யாணம் ஆகாதவள். ஒவ்வொன்றிலும் அம்மா பெயர் வெட்டியிருக்கிறது. ஒரே ஒரு தம்ளரை மட்டும் கொடுக்காமல், பெயர் இருக்கிற பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி அலமாரியில் திருப்பி வைக்கிறாள். அங்கேயே கதை முடிந்துவிட்டது. ஆனால் ஆசிரியர் விடவில்லை. இன்னும் ஒரு பாரா, அவள் தனிமை, தியாகம், கண்ணீர் என்று நைஸாக அரைத்து ஊட்டியிருந்தார்.

இதைத்தான் அவருக்கு எழுதினேன். தம்ளர், சுவர், கடைசி பாரா. மற்றக் கதைகளுக்கும் ஆளுக்கு இரண்டு வரி. சுமாரானதைச் சுமார் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். எழுதி முடிக்கும்போது ராத்திரி பதினொன்று. அனுப்புவதற்கு முன் கொஞ்சம் தயங்கினேன். 'நைஸ்' போட்டபோது கை நடுங்கவில்லை.

நீல டிக் வந்தது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை, காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது போன் உறுமியது.

'நைஸ் சார்.'

கட்டை விரல் இல்லை. எந்த நைஸ் என்று நான் இன்னும் கேட்கவில்லை.